இணைய வரைபடச் செயலிக்கு எந்த வடிவமைப்பு முறை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைய வரைபடம் செய்வதுதான் என் தொழில் என்று தெரிந்ததும் கல்லூரி மாணவர்கள், புதிதாகக் குழு தொடங்கியவர்கள், டெண்டர் எழுத உட்கார்ந்தவர்கள் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அருவி முறையா, அஜைலா, பயனர் மைய முறையா? (அருவி என்றால் எல்லாவற்றையும் முதலில் எழுதி வைத்துப் படிப்படியாக இறங்குவது. அஜைல் என்றால் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்து காட்டி மாற்றுவது. பயனர் மையம் என்றால் பயன்படுத்துபவரிடமிருந்து தொடங்குவது.) திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நடுநிலையான ஒப்பீடு வேண்டுமென்றால் பாடப்புத்தகம் இருக்கிறது. இதில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

வடிவமைப்பு முறை என்றால் லீஃப்லெட், ஓப்பன்லேயர்ஸ் மாதிரி ஒரு வரைபட நிரல் நூலகத்தைத் தேர்ந்தெடுப்பதா?

இல்லை, அது கருவித் தேர்வு. எதை முதலில் முடிவு செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, யாரிடம் எப்போது காட்டுவது, தப்பு தெரிந்தால் எவ்வளவு தூரம் திரும்பிப் போகலாம் என்பதற்கெல்லாம் ஒரு குழு வைத்திருக்கும் பதில்தான் முறை. பல குழுக்கள் பதிலே இல்லாமல் கருவியிலிருந்து தொடங்கிவிடுகின்றன.

சாதாரண வலைத்தளம் செய்யும் முறையே போதாதா? வரைபடத்துக்கு என்ன தனி?

போதாது. ஒரு மளிகைக் கடைத் தளத்துக்குத் திரை வரையும்போது “பொன்னி அரிசி, 5 கிலோ” என்று பொய்த் தரவு போட்டு வடிவமைக்கலாம். நாளைக்கு உண்மைத் தரவு வந்தாலும் கட்டம் அதே கட்டம்தான். வரைபடத்தில் அது நடக்காது. பத்துப் புள்ளிகளோடு பளிச்சென்று இருந்த திரையில் பத்தாயிரம் தெருவிளக்குகள் வந்து விழுந்தால் மஞ்சள் சேறு பூசியதுபோல ஆகிவிடும். அப்புறம் புள்ளிகளைக் கொத்தாகக் கூட்டுவதா, வார்டு வாரியாக நிறம் தீட்டுவதா என்று வடிவமைப்பை முதலிலிருந்து யோசிக்க வேண்டும். உண்மைத் தரவைப் பார்க்காமல் வரைபடத்தை வடிவமைக்க முடியாது என்பதால், எந்த முறையை எடுத்தாலும் தரவு முன்னால் வந்து நிற்கிறது.

அடுத்தது அளவு. வலைப்பக்கம் என்றால் ஒரு திரை. வரைபடத்தில் ஒவ்வொரு ஜூம் நிலையும் தனித் திரை. வரைபடத்தைச் சதுரத் துண்டுகளாக வெட்டிக் காட்டும் வழக்கமான டைல் முறையில் உலகம் முழுவதும் ஜூம் 0-இல் 256 பிக்சல் சதுரம் ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஒரு படி உள்ளே போனால் டைல்கள் நான்கு மடங்காகும். ஜூம் 10-இல் 10,48,576. ஜூம் 18-இல் ஏறத்தாழ 6,870 கோடி. இவ்வளவையும் யாரும் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் ஜூம் 11-இல் எந்தப் பெயர் தெரிய வேண்டும், 16-இல் எது மறைய வேண்டும் என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். மென்பொருள் முறைகள் எதிலும் இந்த வேலைக்குப் பெயர்கூடக் கிடையாது. வரைபடக் கலைஞர்கள் அச்சுக் காலத்திலிருந்தே இதைப் பொதுமையாக்கம் என்று செய்து வருகிறார்கள்.

அருவி முறை செத்துப்போனது என்கிறார்களே?

வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்த முறை வந்ததாக எல்லோரும் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரையில் அருவி என்ற பெயரே இல்லை. தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று ஒரே வீச்சில் இறங்கினால் வம்பை விலைக்கு வாங்குவதாகும் என்று அவரே எச்சரித்து, முதலில் ஒரு முன்னோட்ட வடிவம் செய்து பாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் வரைந்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

வரைபட வேலையில் அருவி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கள ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குகளைக் கணக்கெடுக்க ஆட்களை அனுப்புகிறீர்கள். படிவத்தில் கம்பத்து எண்ணுக்கு இடம் வைக்க மறந்துவிட்டீர்கள். திரையில் பொத்தான் விடுபட்டால் பத்து நிமிடத்தில் சேர்க்கலாம். கம்பத்து எண் விடுபட்டால் அதே ஆட்கள் அதே வெயிலில் அதே தெருக்களில் மறுபடி நடக்க வேண்டும். டிரோன் படமும் அப்படித்தான். “அடுத்த ஸ்பிரின்ட்டில் (அஜைலின் ஓரிரு வார வேலைச் சுற்றில்) பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அப்படியென்றால் அஜைல் வேண்டாமா?

வேண்டும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய பிரகடனத்தின் சாரம், திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நகர்வது மேல் என்பது. திரை சம்பந்தப்பட்ட எதற்கும் இது சரியாகப் பொருந்துகிறது. தேடல் பெட்டி எங்கே, புள்ளியைத் தொட்டால் என்ன திறக்கும், குறிவிளக்கம் மூடியிருக்க வேண்டுமா என்பதையெல்லாம் முன்கூட்டி எழுதி வைப்பது வீண் வேலை. செய்து காட்டி, திட்டு வாங்கி, மாற்றுவதுதான் வழி.

ஆனால் அஜைல் குழுக்கள் வரைபடத்தில் இரண்டு இடத்தில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். தரவைச் சுத்தம் செய்யும் வேலைக்குக் காட்சி கிடையாது. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் வார்டு எல்லைகளைச் சரிசெய்தால், ஸ்பிரின்ட் முடிவில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. திரை நேற்றுபோலவேதான் இருக்கும். அதனால் அந்த வேலை பேக்லாக் எனும் நிலுவைப் பட்டியலின் அடிக்குப் போய்க்கொண்டே இருக்கும், வெளியீட்டுக்கு முந்தின வாரம் மொத்தமாக மேலே வரும்.

இன்னொன்று லேயர் வியாதி. லேயர் என்றால் வரைபடத்தின் மேல் விரிக்கும் ஒரு தரவு அடுக்கு. ஒவ்வொரு மதிப்பாய்விலும் யாராவது ஒருவர் “இதையும் ஒரு லேயராகப் போட்டுவிடுங்களேன்” என்பார். போடுவது சுலபம் என்பதால் போட்டுவிடுவோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இடப்பக்கம் ரேஷன் பட்டியல் மாதிரி ஒரு லேயர் பட்டியல் தொங்கும். அதில் எதை அணைத்து எதைப் போட்டால் தன் கேள்விக்குப் பதில் வரும் என்று பயனருக்குத் தெரியாது.

பயனர் மைய முறை என்பது பயனரைக் கேட்டுச் செய்வதுதானே?

கேட்பதைவிடப் பார்ப்பது. முறைப்படி சொன்னால், 1999-இல் ஐஎஸ்ஓ 13407 என்று வந்து, 2010-இல் ஐஎஸ்ஓ 9241-210 ஆக மாறிய தரநிலை இதற்கு இருக்கிறது. சூழலைப் புரிந்துகொள், தேவையை எழுது, தீர்வு செய், மதிப்பிடு, தேவைப்பட்டால் திரும்பிப் போ என்ற சுற்று. வரைபடத்துக்கு இதைப் பொருத்திய நல்ல உதாரணம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜியோவிஸ்டா மையம் ஹாரிஸ்பர்க் நகரக் காவல்துறையோடு சேர்ந்து செய்த கிரைம்விஸ் என்ற குற்ற வரைபடம். பயனர் யார், அவர் வேலைக்கு இது உதவுமா, பயன்படுத்தச் சுலபமா என்று மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து வளர்த்தார்கள். சுலபமா என்பது கடைசியில் வருவதைக் கவனியுங்கள். உதவாத ஒன்றை எவ்வளவு சுலபமாக்கி என்ன பயன்?

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு சின்ன ஊருக்குக் குப்பைப் புகார் வரைபடம் செய்தோம். செயற்கைக்கோள் படத்தின் மேல் சிவப்புப் புள்ளிகள், தெருப் பெயர்கள் எல்லாம் அரசுப் பதிவேட்டில் உள்ளபடி. அலுவலக மானிட்டரில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. துப்புரவுப் பணியை மேற்பார்க்கும் மேஸ்திரி ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒரு புகார் இருக்கும் இடத்துக்கு எங்களைக் கூட்டிப் போகச் சொன்னோம். பகல் பன்னிரண்டு மணி. போனின் மேல் கையை வைத்து நிழல் பிடித்துப் பார்த்தார். செயற்கைக்கோள் படத்தின் கரும்பச்சையில் சிவப்புப் புள்ளி அமுங்கிப் போயிருந்தது. கட்டைவிரல் பட்டு வரைபடம் பக்கத்து ஊருக்கு ஓடிவிட்டது. திரும்பக் கொண்டுவரத் தெரியாமல், “தம்பி, இதுல டேங்க் எங்க இருக்கு?” என்று கேட்டார். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைச் சொல்கிறார். அவர் மனசில் இருக்கும் ஊர் தொட்டி, ரேஷன் கடை, மாரியம்மன் கோயில், பழைய தியேட்டர் முனை என்று அடையாளங்களால் ஆனது. நாங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்துப் போட்ட தெருப் பெயர்களில் பாதியை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அன்று மாலையே செயற்கைக்கோள் படத்தை எடுத்துவிட்டு வெளிறிய அடிப்படை வரைபடம் போட்டோம். தொட்டிகளும் ரேஷன் கடைகளும் ஜூம் 15-லிருந்தே பெயரோடு தெரிந்தன. “என் இடம்” பொத்தான் கட்டைவிரல் எட்டும்படி வலப்பக்கம் கீழே வந்தது. மேஸ்திரியோடு இருந்த அந்த அரைமணி நேரம் கொடுத்ததை நாங்கள் எழுதி வைத்திருந்த தேவை ஆவணம் கொடுக்கவில்லை.

பயனர் கேட்பதையெல்லாம் செய்துகொடுத்தால் போதுமா?

போதாது. என்ன வேண்டும் என்று வாயால் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் “கூகுள் மேப்ஸ் மாதிரி இருந்தால் போதும்” என்பார்கள். பார்த்ததைத்தான் கேட்க முடியும், அது அவர்கள் தப்பில்லை.

வெப்எம்எல், யூடபிள்யூஇ, ஓஓஎச்டிஎம் எல்லாம் பாடத்தில் வருகிறது. வேலையில் பயன்படுமா?

1990-களில் வலைத்தளங்கள் பெரிதாக ஆரம்பித்தபோது, அவற்றையும் கட்டட வரைபடம் போட்டுக் கட்டுவதுபோலக் கட்ட வேண்டும் என்று வந்த முறைகள் இவை. ஓஓஎச்டிஎம் பிரேசில், அர்ஜென்டினா ஆய்வாளர்களுடையது. யூடபிள்யூஇ மியூனிக்கில் பிறந்தது. மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வெப்எம்எல் பின்னாளில் ஐஎஃப்எம்எல் என்ற தரநிலையாக வளர்ந்தது. மூன்றுக்கும் பொதுவான கருத்து, உள்ளடக்கம் வேறு, அதில் நகரும் வழி வேறு, காட்டும் விதம் வேறு, மூன்றையும் தனித்தனி மாதிரியாக வரை என்பது.

இதில் உள்ளடக்கத்தைத் தனியாக வரைவது வரைபடத்துக்கும் பொன்னான அறிவுரை. வார்டு என்றால் என்ன, புகார் என்றால் என்ன, ஒரு புகார் இரண்டு வார்டு எல்லையில் விழுந்தால் யாருடையது என்று தாளில் வரைந்துவிட்டு ஆரம்பித்தால் பாதித் தலைவலி குறையும். நகரும் வழி என்ற இடத்தில்தான் இடிக்கிறது. இந்த முறைகள் இணைப்பைச் சொடுக்கிப் பக்கத்துக்குப் பக்கம் போகும் உலகத்தில் பிறந்தவை. வரைபடத்தில் யாரும் பக்கம் மாறுவதில்லை. இழுக்கிறார்கள், உள்ளே போகிறார்கள், வெளியே வருகிறார்கள். தொடர்ச்சியான அந்த அசைவைப் பெட்டியும் அம்புமாக வரையப் போனால் படம் வரைபடத்தைவிடச் சிக்கலாகிவிடும். தேர்வுக்குப் படியுங்கள். வேலைக்கு உள்ளடக்கப் பகுதியை மட்டும் எடுத்து வாருங்கள்.

பேரிடர் நேரத்தில் முறை பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு வன்முறை வெடித்தபோது, 2008 ஜனவரியில் சில நாட்களில் எழுந்தது உஷாஹிதி என்ற இணைய வரைபடம். ஸ்வாஹிலி மொழியில் சாட்சியம் என்று பொருள். எங்கே என்ன நடந்தது என்று மக்கள் குறுஞ்செய்தியிலும் இணையத்திலும் அனுப்பியதைக் கூகுள் வரைபடத்தின் மேல் வைத்தார்கள். 2015 சென்னை வெள்ளத்தின்போதும், தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து ஒரு வரைபடம் வந்தது. தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அந்தத் தெரு நிறம் மாறும். அவ்வளவுதான், வேறு பெரிய வசதி எதுவும் இல்லை.

இரண்டையும் காட்டி, பார்த்தீர்களா, திட்டமே இல்லாமல் சில நாளில் செய்துவிட்டார்கள் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தொட்டால் நிறம் மாற, முதலில் அங்கே தெரு இருக்க வேண்டும். சென்னையின் தெருக்களைத் தன்னார்வலர்கள் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வரைந்து வைத்திருந்தார்கள். மெதுவாகச் செய்ய வேண்டிய பாதியை யாரோ முன்பே முடித்திருந்ததால்தான் மீதிப் பாதியை வேகமாகச் செய்ய முடிந்தது.

சரி, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். எதை எடுப்பது?

ஒரே முறையை முழுச் செயலிக்கும் போர்த்தாதீர்கள். ஒவ்வொரு முடிவையும் எடுத்து, இதைப் பிறகு மாற்ற எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள். மாற்றினால் ஆட்கள் மறுபடி களத்துக்குப் போக வேண்டுமென்றால் அருவி மாதிரி நிதானமாக, எழுத்தில், கையெழுத்தோடு. ஒரு மதிய நேரத்தில் மாற்றிவிடலாம் என்றால் அஜைல் மாதிரி சட்டென்று. இரண்டுக்கும் முன்னால், மேஸ்திரியோடு அரைமணி நேரம்.

சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டுகள் என்று வைத்துக்கொண்டு ஒரு செயலி செய்வதாகப் பார்ப்போம். வார்டு எல்லை, வார்டு எண், புகார் வகைகள், ஒவ்வொரு பதிவிலும் என்னென்ன புலங்கள் என்பவற்றை முதலிலேயே பூட்டிவிடுவேன். பிறகு ஒரே ஒரு வார்டின் உண்மைத் தரவை எடுத்துத் திரையைச் செய்து காட்டுவேன். அந்த வார்டில் திரை மூன்று முறை மாறும். மாறட்டும். அது நிலைத்த பிறகுதான் மீதி 199.

நண்பர் ஒருவர் இதை எதிர்ப்பார். ஒரு வார்டில் சரியாக வந்தது இன்னொரு வார்டில் வராது, நெருக்கமான பழைய வடசென்னைத் தெருவும் புறநகரின் காலிமனைகளும் ஒன்றா என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இப்போது இரண்டு வார்டு எடுக்கிறேன், ஒன்று நெருக்கம், ஒன்று விரிவு.

கருவியை எப்போது தேர்ந்தெடுப்பது?

தரவையும் பயனரையும் பார்த்த பிறகு. மலிவான போன், மெதுவான இணைப்பு, சில நூறு புள்ளிகள் என்றால் 2011-இல் வந்த லீஃப்லெட் போதும், சின்னது, ஒரு நாளில் பழகிவிடும். பலவகை வீழல்களும் (உருண்டை பூமியைத் தட்டையாக்கும் முறைகள்), வரைபடத்தைப் படமாக அனுப்பும் அரசுத் துறைகளின் டபிள்யூஎம்எஸ் சேவைகளும் வேண்டுமென்றால் 2006-இலிருந்து இருக்கும் ஓப்பன்லேயர்ஸ். லட்சக்கணக்கான வடிவங்கள் வழுக்கிக்கொண்டு நகர வேண்டுமென்றால் மேப்லிப்ரே.

எதை எடுத்தாலும் அடிப்படை வரைபடத்தைக் கழற்றி மாட்டும்படி எழுதுங்கள். 2018-இல் கூகுள் மேப்ஸ் தன் கட்டண முறையை மாற்றியது. 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் தன் வரைபட நூலகத்தின் திறந்த உரிமத்தைக் கைவிட்டது, அதிலிருந்து பிரிந்ததுதான் மேப்லிப்ரே. கழற்ற முடியாமல் எழுதியவர்கள் அந்த ஆண்டுகளில் பட்ட பாடு போதும்.

முறை சரியாக இருந்தும் வரைபடம் தப்பாக வருகிறதே?

முதலில் அச்சுத்தூரங்களின் வரிசையைப் பாருங்கள். பேச்சில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. வரைபடத் தரவுக் கோப்பு வடிவமான ஜியோஜேசனில் தலைகீழ், தீர்க்கரேகைதான் முதலில் வரும் என்று அதன் 2016-இன் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 7946 சொல்கிறது. லீஃப்லெட்டோ அட்சரேகையை முதலில் கேட்கும். சென்னை 13.08, 80.27. மாற்றிப் போட்டால் உங்கள் புகார்ப் பெட்டி ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் மிதக்கும். எல்லோரும் ஒரு தடவையாவது அங்கே போய் வந்திருக்கிறோம்.

அடுத்தது பரப்பளவு. இணைய மெர்கேட்டர் வீழலில் வடக்கே போகப் போக எல்லாம் வீங்கும். 60 பாகை அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஏரியின் பரப்பை அந்த வீழலிலேயே கணக்கிட்டால் சென்னையில்கூட ஏறக்குறைய 5 சதவீதம் கூடுதலாக வரும். நில ஆக்கிரமிப்பு வழக்கில் அது சின்ன எண் இல்லை.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது?

ஐந்து பேர் போதும், பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் யாகோப் நீல்சனின் புகழ்பெற்ற வாதம். ஒரே வகைப் பயனர் ஐந்து பேர் என்று படியுங்கள். மேஸ்திரி, பொறியாளர், புகார் கொடுக்கும் வீட்டுக்காரர் மூவரும் மூன்று வகை. “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிவாரண முகாமைக் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு கையைப் பாருங்கள்.

டெண்டர் எடுத்த வேலையில் அஜைல் எப்படி?

கஷ்டம்தான். தொகை, தேதி, வசதிப் பட்டியல் மூன்றும் முன்பே அச்சாகிவிடும். தரவு, எல்லை, ஒப்படைக்க வேண்டிய கோப்பு வடிவங்களை எழுதிக் கட்டுங்கள், திரைகளைப் பற்றி மட்டும் “மூன்று சுற்று மதிப்பாய்வு” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதிகாரிகள் பொதுவாக மறுப்பதில்லை. சுற்று என்பது கூட்டம், கூட்டம் அவர்களுக்குப் பழக்கம்.

நாட்டு எல்லையையும் அந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். இந்திய சர்வே துறையின் எல்லைக்கு மாறான வரைபடத்தை இங்கே வெளியிடுவது தண்டனைக்குரியது. பன்னாட்டு அடிப்படை வரைபடங்களை அப்படியே போட்டால் காஷ்மீரில் மாட்டிக்கொள்வீர்கள்.

தமிழில் பெயர்கள் வர வேண்டும். அதை எப்போது யோசிப்பது?

முதல் நாளே. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்குத் தனிப் புலம் உண்டு, ஆனால் எல்லா இடத்துக்கும் நிரப்பப்பட்டிருக்காது. இன்னொரு சிக்கல், தரவை வடிவங்களாக வாங்கித் திரையிலேயே வரையும் வெக்டர் டைல் நூலகங்கள் நீண்ட காலமாக எழுத்துகளை ஒவ்வொரு குறியாகத் தனித்தனியே வரைந்துவந்தன. நமக்கோ “கோ” என்ற ஒரு எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால். கருவியை முடிவு செய்யுமுன் கோயம்புத்தூர் என்று ஒரே ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். அது உடையாமல் வந்தால் மற்றதும் பெரும்பாலும் வரும்.

நான் தனி ஆள். கல்லூரி ப்ராஜெக்ட், மூன்று மாதம். எங்கே தொடங்க?

ஊரைச் சின்னதாக்குங்கள். மாவட்டம் வேண்டாம், உங்கள் தெருவைச் சுற்றி ஒரு கிலோமீட்டர். முதல் மாதம் நடந்து தரவு எடுங்கள், படிவத்தை முதல் பத்து இடத்திலேயே திருத்திவிடுங்கள். இரண்டாம் மாதம் லீஃப்லெட்டில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் திரை, “இந்த நேரத்தில் திறந்திருக்கும் மருந்துக்கடை எது?” மாதிரி. மூன்றாம் மாதம் அதை உங்கள் அத்தையிடம் வெயிலில் கொடுத்துப் பாருங்கள். அவர் எங்கே தடுமாறினார், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். வைவாவில் எந்த முறையைப் பின்பற்றினீர்கள் என்று கேட்டால் அந்த நோட்டைத் திறந்து காட்டலாம்.